சூரிய கடிகாரம் 9 நிமிஷம் ஃபாஸ்ட்: வடக்கு தப்பா, மட்டம் தப்பா?

பாலக்கோடு_வாத்தியார்
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஸ்கூல் முன்னாடி குடியரசு தினத்துக்கு ஒரு சூரிய கடிகாரம் வெச்சிருக்கோம். ரெண்டடிக்கு ரெண்டடி கறுப்பு கிரானைட், மேல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள்ளு, நம்பரெல்லாம் தமிழ் எண்ணுலயே பொறிச்சு வாங்குனோம், பாக்க ஜோரா இருக்கு. பிரச்சனை டைம்தான்.

வாட்ச்சும் நிழலும் ஒண்ணா காட்டாதுனு எனக்கு தெரியும், அந்த கணக்கை கழிச்சுட்டுதான் கேக்கறேன். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வெச்சது, நம்ம பாலக்கோடு 78.07, வித்தியாசம் 4.43, டிகிரிக்கு 4 நிமிஷம்னா 17.7 நிமிஷம். அதுக்கு மேல ஜனவரி கடைசில சூரியன் தன் பங்குக்கு பன்னண்டரை நிமிஷம் பின்தங்கி ஓடும். மொத்தம் 30. அதாவது வாட்ச்ல 12:30 ஆகறப்போ நிழல் 12 கோட்டுக்கு வரணும். இங்க 12:21க்கே வந்து உக்காந்துடுது. காலைல 8 கோடு, சாயங்காலம் 4 கோடு, அங்கயும் பாத்தாச்சு, ஏறக்குறைய அதே 9 நிமிஷம் முந்துது.

முள்ளோட சாய்வு 12 டிகிரி சொச்சம், அது நம்ம அட்சரேகைக்கு சரி. வடக்கு போன் காம்பஸ் வெச்சு பாத்தது. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் காம்பஸ் மேலதான் பழி போடறாங்க. சிமெண்ட்ட ஒடைக்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.

மாங்காமண்டி
அரை மணி நேரம் லேட்டா காட்டுனா கரெக்ட்டு, 21 நிமிஷம் லேட்டா காட்டுனா ரிப்பேரு. ஸ்கூல் பெல்லும் இந்த கணக்குலதான் அடிக்கிறீங்களா சார்

தகடூரான்77
சார் இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, காம்பஸ்தான். கான்கிரீட் மேடைக்குள்ள முறுக்கு கம்பி கட்டியிருப்பாங்க, மேல ஸ்டீல் முள்ளு வேற, கிட்ட போன் வெச்சா ஊசி எங்க வேணா திரும்பும், 5 டிகிரி 10 டிகிரி சாதாரணமா ஏமாத்தும். நிஜ வடக்குக்கும் காந்த வடக்குக்கும் நம்ம பக்கம் ஒரு டிகிரி சொச்சம்தான் வித்தியாசம், அது பெரிய விஷயமில்ல, கம்பிதான் எமன். மத்தியானம் 12:30க்கு கிட்ட நின்னுக்கிட்டு நிழல் 12 கோட்டுல விழற வரைக்கும் கல்லை திருப்புங்க, என் கணக்குப்படி முள்ளோட வடக்கு முனைய கிழக்கால ஒரு 4 டிகிரி தள்ளணும். தள்ளிட்டு சிமெண்ட் பூசுங்க, மேட்டர் ஓவர்.

ஊத்தங்கரை_அக்கா
இருங்க இருங்க, திருப்பிடாதீங்க சார். கம்பி விஷயம் தம்பி சொல்றது சரிதான், மேடை மேல வெச்ச போன் காம்பஸ்ஸ நானும் நம்ப மாட்டேன். ஆனா இங்க குத்தவாளி வடக்கு இல்ல, நீங்க குடுத்த மூணு ரீடிங்கே அதை சொல்லுது. கடிகாரம் எந்த பக்கம் கோணலா இருக்கோ அதுக்குன்னு ஒரு ஜாடை இருக்கு, எந்த நேரத்துல எவ்வளவு தப்பு காட்டுதுங்கறத வெச்சே ஆளை புடிச்சிடலாம்.

வடக்கு ஒரு டிகிரி விலகியிருக்குனு வைங்க. நம்ம அட்சரேகைல ஜனவரி கடைசில மத்தியானம் 2.2 நிமிஷம் தப்பு வரும், காலைல 8க்கும் சாயங்காலம் 4க்கும் ஒன்றரை நிமிஷம், 6 மணி வாக்குல ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. அப்போ உங்களுக்கு மத்தியானம் 9 நிமிஷம் தப்புன்னா 8 மணிக்கு 6தான் வந்திருக்கணும். வரல, 9தான் வருது. இதே வடக்கு தப்பு டிசம்பர்ல டிகிரிக்கு 2.5 நிமிஷம் ஆகும், ஜூன் மத்தியானத்துல அப்படியே தலைகீழா திரும்பி முக்கால் நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல எதிர் பக்கம் போகும், ஏப்ரல் 22-23 வாக்குல சூரியன் உச்சந்தலைக்கு நேரா வர்ற அன்னிக்கி மத்தியானம் தப்பே தெரியாது, ஏன்னா தலைக்கு நேரா இருக்கற விளக்குக்கு கீழ தட்டை எப்படி திருப்பினா என்ன.

அடுத்தது வடக்கு தெற்கா சாஞ்சிருக்கறது, இல்ல முள்ளோட சாய்வே அட்சரேகைக்கு ஒத்து வராதது, ரெண்டும் ஒரே வியாதி. இதுல மத்தியானம் 12 எப்பவும் கரெக்டா இருக்கும், காலைல ஒரு பக்கம் தப்பும் சாயங்காலம் எதிர் பக்கம் தப்பும் வரும், மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்குல சுத்தமா மறைஞ்சிடும். உங்களுது இதுவும் இல்ல.

மூணாவது கிழக்கு மேற்கா சாஞ்சிருக்கறது. இதுலதான் நாள் பூரா, வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே அளவு தப்பு வரும், டிகிரிக்கு ஏறக்குறைய 4 நிமிஷம். ஜனவரில மூணே முக்கால், ஜூன்ல நாலே கால், அவ்வளவுதான் ஏத்த இறக்கம். கிழக்கு பக்கம் தாழ்ந்திருந்தா ஃபாஸ்ட், மேற்கு தாழ்ந்திருந்தா ஸ்லோ. உங்க மேடை கிழக்கு பக்கமா ரெண்டரை டிகிரி கிட்ட எறங்கியிருக்கும், போய் ரசமட்டம் வெச்சு பாருங்க.

தகடூரான்77
அக்கா சூரிய கடிகாரம்னாலே மொத ரூல் வடக்கு சரியா பாருன்னுதான். எந்த சைட்டை எடுத்தாலும் அதைத்தான் போட்டிருக்கான்.

ஊத்தங்கரை_அக்கா
எழுதுனவன் எந்த ஊர்ல உக்காந்து எழுதுனான்னு பாரு தம்பி. லண்டன் 51.5 டிகிரி. அங்க வடக்கு ஒரு டிகிரி தப்புன்னா சராசரியா 3 நிமிஷம் போகும், கிழக்கு மேற்கு மட்டம் ஒரு டிகிரி தப்புன்னா ரெண்டரை. அவனுக்கு வடக்குதான் பெருசு, நியாயம். நமக்கு 12 டிகிரி. நிலநடுக்கோட்டுக்கு கிட்ட வர வர வடக்கோட பவரு கொறஞ்சு மட்டத்தோட பவரு ஏறிக்கிட்டே வரும். நம்ம ஊர்ல மார்ச் மாசம் வடக்கு ஒரு டிகிரி தப்பா இருந்தா முக்கால் நிமிஷம் சொச்சம், மட்டம் ஒரு டிகிரி தப்பா இருந்தா 4 நிமிஷம், அஞ்சு மடங்குக்கு கொஞ்சம்தான் கம்மி.

ஏன்னு கேட்டா, பூமி உருண்டைல்ல. சென்னைல மட்டமா வெச்ச ஒரு கல்லு பாலக்கோட்டுல மட்டமா வெச்ச கல்லை விட கிழக்கு பாத்து 2.2 டிகிரி சாஞ்சுதான் இருக்கு. அதனாலதான் சென்னைல உச்சி வேளை நமக்கு 9 நிமிஷம் முன்னாடியே வந்துடுது. கல்லை இங்கயே வெச்சு அவ்வளவு சாச்சா அது சென்னை கல்லு மாதிரிதான் பேசும். வாத்தியார் சார் கடிகாரம் தப்பா ஓடல, மெட்ராஸ் டைம் காட்டிட்டு இருக்கு.

மாங்காமண்டி
ஸ்கூல் பாலக்கோட்டுல, கடிகாரம் மெரினாவுல 😂

பாலக்கோடு_வாத்தியார்
அக்கா, கொத்தனார்ட்ட ரசமட்டம் வாங்கி வெச்சு பாத்தேன். வடக்கு தெற்கு கச்சிதம். கிழக்கு மேற்கு வெச்சா குமிழி ஓரத்துல போய் ஒட்டிக்குது. கல்லோட கிழக்கு ஓரம் மேற்கு ஓரத்தை விட ஒரு இஞ்ச் தாழ்வு. கொத்தனார்ட்ட கேட்டா "மழைத்தண்ணி நிக்காம ஓட வாட்டம் குடுத்தேன் சார், வாட்டம் இல்லாம எவன் மேடை போடுவான்"னு திருப்பி என்னையே கேக்கறாரு. அவர் தொழில்படி அவர் செஞ்சது சரிதான், என்ன சொல்றது.

ரெண்டடிக்கு ஒரு இஞ்ச்னா 2.4 டிகிரி வருது. ஜனவரிக்கு மூணே முக்கால் போட்டா 9 நிமிஷம். அப்படியே பொருந்துது.

தகடூரான்77
சரி மட்டம்தான்னே வைங்க. ஒரு இஞ்ச் தூக்கணும்னா கல்லை பேக்கணும், புதுசா கிரானைட், ஒடஞ்சா யாரு பொறுப்பு. திருப்பறது ஈசி. ஒரு கோணலுக்கு இன்னொரு கோணல் சரியா போச்சு, நிழல் 12ல நிக்குதா, அது போதும் புள்ளைங்களுக்கு.

ஊத்தங்கரை_அக்கா
ஜனவரிக்கு சரியா போகும். 4 டிகிரி திருப்பினா மத்தியானம் 9 நிமிஷமும் அடிபட்டு போயிடும், காலைல சாயங்காலம் 3 நிமிஷம்தான் பாக்கி நிக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. கைதட்டிட்டு வீட்டுக்கு போயிடுவீங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்து புதுசா வந்த ஆறாங்கிளாஸ் புள்ளைங்கள கூட்டிட்டு வந்து நிறுத்துவாரு வாத்தியார். அப்போ சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். மட்டம் தப்பால 10 நிமிஷம் ஃபாஸ்ட், நீ திருப்புனது அந்த சீசன்ல எதிர் பக்கம் வேலை செஞ்சு அதுக்கு மேல இன்னொரு மூணரை நிமிஷம் ஃபாஸ்ட்டாக்கும். மொத்தம் 14 நிமிஷம் கிட்ட. ஜனவரில சரியா ஓடுன கடிகாரம் ஜூன்ல ஏன் கெட்டுதுன்னு யாருக்கும் புரியாது, அப்புறம் "வெயில் காலத்துல கல்லு விரியுது"ன்னு ஒருத்தன் கதை விடுவான். ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கறது ஒரு சீசனுக்குத்தான், நாலு மாசம் கழிச்சு ரெண்டும் கை கோத்துக்கும்.

ஓசூர்_லேத்து
நான் கம்பெனில ஃபிட்டிங் ஆளு, கணக்கு அக்கா அளவுக்கு வராது ஆனா ஒரு விஷயம் இங்க யாரும் தொடல. கல்லும் முள்ளும் சேந்து திரும்பறது வேற, கல்லு மேல முள்ளு மட்டும் கோணலா உக்காந்திருக்கறது வேற. ரெண்டாவதுதான் ஆளை கொல்லும். நம்ம அட்சரேகைல 11 மணி கோட்டுக்கும் 12 மணி கோட்டுக்கும் நடுவுல இருக்கறதே 3.2 டிகிரிதான், அதுக்குள்ள ஒரு மணி நேரம் பூரா அடங்கியாகணும். முள்ளு 12 கோட்டை விட்டு ஒரு டிகிரி நகந்து வெல்ட் ஆயிருந்தா டிசம்பர் மத்தியானத்துல 16 நிமிஷம் போயிடும். கல்லும் முள்ளுமா சேத்து அதே ஒரு டிகிரி திருப்பினா போறது ரெண்டரை நிமிஷம்தான். ஒரு அடி நீள முள்ளுல ஒரு டிகிரின்னா நுனில 5 மில்லிமீட்டர், ஒரு பையன் ஏறி உக்காந்தா போதும். அதனால சார், மட்டம் போடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டீல் ஸ்கேலை 12 கோட்டு மேல வெச்சு முள்ளு அதே கோட்டுல நிக்குதா, மூலமட்டம் வெச்சா ரெண்டு பக்கமும் 90 காட்டுதா பாருங்க. தகடு தடிமனா இருந்தா 12 கோடு ஒரே கோடா இருக்கக்கூடாது, காலைக்கு ஒரு ஓரம், மதியத்துக்கு மறு ஓரம்னு தகடு தடிமன் அளவுக்கு நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு கோடா இருக்கணும். இதை விட்டுட்டு வரையறவங்கதான் ஜாஸ்தி.

மட்டத்துக்கு கல்லை பேக்கறதுன்னா அடில மூணு போல்ட் குடுத்துடுங்க, நாலு வேணாம், நாலு போட்டா ஒண்ணு எப்பவும் ஆடும். எம்10 போல்ட் ஒரு சுத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும், போல்ட்டுக்கு போல்ட் ரெண்டடி இடைவெளினா ஒரு சுத்துக்கு அரை நிமிஷம் சொச்சம். கால் சுத்து கால் சுத்தா ட்யூன் பண்ணலாம். ஓகே ஆன உடனே கீழ கிரவுட் (தண்ணியா கலக்குன சிமெண்ட்) ஊத்திடுங்க.

பாலக்கோடு_வாத்தியார்
முள்ளு பாத்துட்டேன் லேத்து தம்பி, நேரா நிக்குது, 3 மில்லிமீட்டர் தகடு, ரெண்டு கோடும் இருக்கு. செஞ்சவர் விவரமான ஆளுதான் போல.

கல்லுக்காரன்_பர்கூர்
விவரமான ஆளுன்னு ஒத்துக்குனீங்களே அது போதும் 🙂 (உங்களுது நான் செஞ்சது இல்ல, ஆனா தொழில்காரன் எல்லாம் ஒரே ஜாதி). நாங்க கிரானைட்ல போர்டு, கல்வெட்டு செஞ்சுனு இருக்கோம், அப்பப்போ இந்த கடிகாரமும் வரும். ரெண்டு தொல்லை எப்பவும் இருக்கும் சொல்றேன் கேளுங்க.

ஒண்ணு முள்ளு. நம்ம ஊருக்கு 12 டிகிரின்னா ஒரு அடி நீள முள்ளு நுனில ரெண்டரை இஞ்ச்சுதான் எழும்பும், படுத்தா மாதிரி இருக்கும். பார்ட்டி வந்து பாத்துட்டு "என்னய்யா இது, படத்துல பாத்தா கம்பீரமா நிக்குது, இது தூங்குது"ம்பாங்க. ஒரு எடத்துல நாங்க மாட்டிட்டு வந்த அப்புறம் வேற வெல்டர வெச்சு 45 டிகிரிக்கு நிமித்திட்டாங்க, லுக்கு வேணுமாம். கோடு எல்லாம் 12 டிகிரிக்கு வெட்டுனது. அது இப்போ கடிகாரம் இல்ல, சிலை.

ரெண்டாவது கோடு. காலைல 9ல இருந்து மதியம் 3 வரைக்கும் மொத்த கோடும் 24 டிகிரிக்குள்ள நெருக்கிக்குனு கெடக்கும், அப்புறம் 5க்கும் 6க்கும் நடுவுல 52 டிகிரி காலியா கெடக்கும். ஒரு அடி தள்ளி பாத்தா 11க்கும் 12க்கும் நடுவுல 17 மில்லிமீட்டர். அதுல உளி வெச்சு 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு கோடு போட்டா அந்த கோடே 10 நிமிஷம். அதனால நாங்க ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி சேண்ட் பிளாஸ்ட்தான் அடிக்கறது, ஒரு மில்லிக்குள்ள நிக்கும். உளிதான் வேணும்னு அடம் புடிச்சா கல்லை பெருசா குடுங்க, இல்லன்னா டைமை கேக்காதீங்க.

ஊத்தங்கரை_அக்கா
கல்லுக்காரர் சொன்ன அந்த நெரிசல்தான் நம்ம பக்கத்துக்கு படுக்கை கடிகாரத்தோட சாபமே. இனிமே செய்யறவங்க வேற டைப் யோசிக்கலாம். பலகையையே வடக்கு பக்கம் 12 டிகிரி தூக்கி வெச்சு, அதுக்கு சமமா மேல ஒரு கம்பியை ஒரே உயரத்துல நிறுத்தினா கோடெல்லாம் ரயில் தண்டவாளம் மாதிரி நேர் நேரா வரும். கம்பி 10 சென்டிமீட்டர் உயரம்னா 1 மணி கோடு 2.7 சென்டிமீட்டர்ல, 2 மணி 5.8ல, 3 மணி 10ல, 4 மணி 17.3ல. மத்தியானத்துல தாராளமா இடம். 5 மணி 37க்கு ஓடிடும், 6 மணி வரவே வராது, அது ஒண்ணுதான் கொறை, ஆனா ஸ்கூல் நேரத்துக்கு தாராளம்.

இன்னொன்னு, எவ்வளவு திருத்தினாலும் ஒரு எல்லை இருக்கு. சூரியன் புள்ளி இல்ல, அரை டிகிரி அகல தட்டு. அது தன்னைத்தானே ஒரு தடவை கடக்க 2 நிமிஷம் ஆகும், அதனால நிழலோட ஓரம் எப்பவும் மங்கலா 2 நிமிஷ அகலத்துக்கு இருக்கும், அந்த மங்கலோட நடுவை குறிவெச்சு படிக்கணும். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர்ல சாம்ராட் யந்திரம்னு ஒரு பெரிய சூரிய கடிகாரம், 27 மீட்டர் உயரம், அளவு கோடு 2 விநாடி வரைக்கும் போட்டிருக்கான், அதுக்கும் இதே மங்கல்தான் இடைஞ்சல். ரெண்டடி கல்லுல ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அதுக்கு மேல போராடாதீங்க.

நாழிகை_தாத்தா
இவ்வளவு நேரம் படிச்சுக்கொண்டிருந்தேன், நல்ல விவாதம். வடக்கு பார்க்க காம்பஸ்சே எதற்கு வாத்தியார் தம்பி. மேடையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் தூக்குக்குண்டு பிடித்து நேராக ஒரு கோல் நடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும் இடத்தில் ஒரு புள்ளி, மதியத்துக்கு மேல் வெளியே வரும்போது தொடும் இடத்தில் ஒரு புள்ளி, ரெண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அவ்வளவுதான். சங்கு (இந்தக் கோல்தான்) நட்டு திசை பார்ப்பது என்று கோயில் கட்டுகிற ஸ்தபதிகள் இன்றும் செய்கிறார்கள். நெடுநல்வாடையில் அரண்மனை கட்ட ரெண்டு கோல் நட்டு உச்சி வேளை நிழல் பார்த்து கயிறு கட்டிய சேதி வருகிறது, அவ்வளவு பழைய வித்தை. கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் ஒரு நிழல் கடிகாரம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வடக்கும் வேண்டாம் மட்டமும் வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. என் சின்ன வயசில் ஆடு மேய்க்கிற பெரியவர்கள் 16 விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பைக் கிள்ளி, ஒரு பக்கத்தைத் தரையில் கிடத்தி மறு பக்கத்தை நிமிர்த்தி, நிமிர்ந்ததின் நிழல் கிடந்ததின் நுனியை சரியாகத் தொடும்படி மடிப்பார்கள். நிமிர்ந்தது எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. காலை என்றால் விடிந்து அத்தனை நாழிகை, சாயங்காலம் என்றால் பொழுது சாய இன்னும் அத்தனை நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம்.

ஊத்தங்கரை_அக்கா
ஐயா அந்த துரும்பு கணக்கை இப்பதான் போட்டு பாத்தேன், அசந்துட்டேன். நிமிர்ந்தது 8, கிடந்தது 8னா சூரியன் 45 டிகிரி உயரத்துல இருக்கு. நம்ம ஊர்ல மார்ச் 21 வாக்குல விடிஞ்சு 3 மணி 5 நிமிஷத்துல அந்த உயரம் வரும். 8 நாழிகைன்னா 3 மணி 12 நிமிஷம். ஏழே நிமிஷம்தான் தப்பு! டிசம்பர்ல மட்டும் சூரியன் தெற்கால சாஞ்சு போறதால 45 டிகிரி ஏறவே 3 மணி 46 நிமிஷம் ஆயிடுது, அப்போ துரும்பு அரை மணி நேரத்துக்கு மேல கொறச்சு சொல்லும். உயரத்தை மட்டும் பாக்கற கருவிக்கு திசை தொல்லை இல்ல, அதுக்கு பதிலா மாசம் தொல்லை.

மாங்காமண்டி
ஐயா மழை நாள்ல என்ன பண்ணுவாங்க

நாழிகை_தாத்தா
பசி எடுத்தால் சாப்பிடுவார்கள்.

ராயக்கோட்டை_ரோஸ்
கொஞ்சம் டாபிக் மாறுது மன்னிக்கணும். எங்க சித்தப்பா லண்டன்ல இருந்து ஒரு பித்தளை சூரிய கடிகாரம் வாங்கிட்டு வந்து குடுத்தாரு, முள்ளு அவங்க ஊர் 51 டிகிரிக்கு இருக்கு. இங்க பூச்செடி நடுவுல வெச்சா சும்மா அழகுக்குத்தானா, இல்ல ஓட வெக்க முடியுமா?

ஊத்தங்கரை_அக்கா
ஓடும் ரோஸ். முள்ளை வளைக்காதீங்க, கோட்டை அழிக்காதீங்க. மொத்த தட்டையும் வடக்கு பக்கம் தாழ, தெற்கு பக்கம் ஒசர 39 டிகிரி சாச்சு ஒரு ஆப்பு மேல வெச்சிடுங்க, முள்ளு நம்ம ஊர் 12 டிகிரிக்கு வந்துடும். முள்ளு துருவத்தை பாத்துட்டா அப்புறம் தட்டு எந்த ஊர்ல செஞ்சதுன்னு சூரியனுக்கு கவலை இல்ல. ஒரே ஒரு வேடிக்கை, அப்படி சாச்ச தட்டு லண்டன் தரைக்கு இணையா நிக்கும், அதனால டிசம்பர்ல உங்க வீட்டு வெயில் காலைல ஆறரைக்கே வந்தாலும் தட்டு மேல 8ல இருந்து 4 வரைக்கும்தான் வெயில் விழும். லண்டன் குளிர்கால பகல் அவ்வளவுதான்.

சாய்க்காம மட்டமா வெச்சீங்கன்னா மத்தியானம் 12 மட்டும் சரி, மத்தது காலி. டெல்லிக்கு வரைஞ்ச டெம்ப்ளேட்டை நெட்ல எடுத்து நம்ம ஊர்ல வெக்கறவங்களும் இருக்காங்க, அதுக்கே ஜூன் மாசம் காலை 6 சாயங்காலம் 6ல அரை மணி நேரம் கிட்ட உதைக்கும். சென்னை டெம்ப்ளேட்டுன்னா ஒரு டிகிரிக்குள்ள வித்தியாசம், தாராளமா வெச்சுக்கலாம்.

தகடூரான்77
எனக்கு ஒரு யோசனை. கிழக்கால சாச்சா ஃபாஸ்ட்டாகும்னு இப்போ எல்லாரும் ஒத்துக்கிட்டீங்கல்ல. வாத்தியார் கல்லு ஏற்கனவே 9 நிமிஷம் சாஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் சாச்சு முழுசா 17.7 நிமிஷத்துக்கு கொண்டு போயிட்டா அந்த தீர்க்கரேகை கணக்கே வேணாமே, நேரா இந்திய டைம் காட்டுமே. வாட்டம் குடுத்த கொத்தனாருக்கு மால போடுங்க.

ஊத்தங்கரை_அக்கா
இது நிஜமாவே நல்ல யோசனை, செய்யவும் செய்யறாங்க. ஆனா சும்மா கிழக்கு ஓரத்தை எறக்கினா பத்தாது, முள்ளையே அச்சாணியா வெச்சு கல்லு 4.43 டிகிரி சுத்தணும், அப்போதான் முள்ளு துருவத்தை விட்டு நகராது. நம்ம முள்ளு படுத்த முள்ளுங்கறதால கிழக்கு ஓரத்தை எறக்கறதும் அதுவும் ஏறக்குறைய ஒண்ணுதான், அந்த ஏறக்குறையல ஒண்ணு ரெண்டு நிமிஷம் சீசனுக்கு சீசன் ஆடும். அதுக்கு பதிலா நம்பரையே மாத்தி பொறிச்சிருந்தா இன்னும் சுத்தம், அது கல்லு வெட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

நாழிகை_தாத்தா
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உச்சி வேளைக்கு 12 காட்டுகிற ஒரே கடிகாரம் அதுதான், அதையும் அந்த 82.5 டிகிரி கோடு ஓடுகிற மிர்சாபூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் பிள்ளைகள் கையில் கட்டியிருக்கிற வாட்ச்சே போதுமே. நம் ஊர் சூரியன் நம் ஊர் நேரம் சொல்லட்டும்.

பாலக்கோடு_வாத்தியார்
ஐயா பக்கம்தான் நான். மட்டமாவே வெக்கறேன், கழிவு கணக்கை புள்ளைங்க போடட்டும்.

ஓசூர்_லேத்து
சார் வேலையை இந்த மாசமே முடிச்சுடுங்க, வடக்கையும் கையோட பாத்துக்கலாம். தூக்குக்குண்டு நூலோட நிழலை கரெக்டா 12:30க்கு குறிச்சா அதுதான் நிஜ வடக்கு தெற்கு. இப்போ ஒரு நிமிஷம் பிசகினாலும் அரை டிகிரிக்குள்ளதான் தப்பு. ஏப்ரல்ல சூரியன் தலைக்கு மேல வந்துட்டா நிழல் விரக்கடை அளவு கூட இருக்காது, நிமிஷத்துக்கு நிமிஷம் பிச்சுக்கிட்டு திரும்பும். போன்ல மட்டம் பாக்கற ஆப் யூஸ் பண்ணா ஒரு தடவை வெச்சு, அப்புறம் போனை 180 டிகிரி திருப்பி வெச்சு ரெண்டுக்கும் சராசரி எடுங்க, கேமரா புடைப்பு ஏமாத்தும்.

பாலக்கோடு_வாத்தியார்
அப்டேட். கல்லை பேத்து மூணு போல்ட் மேல ஏத்தியாச்சு, கொத்தனாரே வந்து நின்னு ட்யூப் லெவல் புடிச்சாரு, மேடை வாட்டம் அப்படியே இருக்கு, தண்ணி ஓடட்டும். வடக்கு நூல் நிழல்ல பாத்ததுல ஒரு டிகிரி சொச்சம் விலகல் இருந்தது, அதையும் சரி பண்ணிட்டோம். தை முடியற நேரம் இப்போ கழிவு கொஞ்சம் ஏறி 12:32க்கு 12 தொடணும், தொடுது, மங்கல் ஓரத்துல ஒரு நிமிஷம் முன்ன பின்ன. காலை 8ம் சாயங்காலம் 4ம் சரி. இன்னும் கிரவுட் ஊத்தல.

மாங்காமண்டி
12:32ங்கறதே வருஷம் பூரா இருக்குமா சார், இல்ல அதுவும் நகருமா

ஊத்தங்கரை_அக்கா
நகரும். பிப்ரவரி 11 வாக்குல 12:32, அதுதான் கடைசி லேட்டு. நவம்பர் 3 வாக்குல 12:01க்கே உச்சி வந்துடும். நடுவுல மே பாதில 12:14, ஜூலை கடைசில 12:24. அதை பக்கத்துல ஒரு சின்ன கல்லுல அட்டவணையா பொறிச்சு வெச்சிடுங்க, இல்லன்னா வர்றவன் எல்லாம் வாட்ச்சை பாத்துட்டு தப்புன்னு எழுதிட்டு போவான்.

நாழிகை_தாத்தா
தமிழ் மாதத்திலேயே போடலாமே. நம் மாதங்கள் சூரியனை வைத்து ஓடுபவைதானே, வருஷா வருஷம் மாறாது. தை கடைசி 12:32, சித்திரை பிறப்பு 12:18, ஐப்பசி நடுவில் 12:01.

ஊத்தங்கரை_அக்கா
சூப்பர் ஐயா, அதுலயும் சித்திரை ஒண்ணுல சூரியனோட சொந்த ஏத்த இறக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம், தீர்க்கரேகை கழிவு மட்டும்தான் நிக்கும். அன்னிக்கி புள்ளைங்களுக்கு கணக்கு ஈசி.

கல்லுக்காரன்_பர்கூர்
பன்னண்டு மாசம், மாசத்துக்கு ரெண்டு தேதின்னா 24 வரி. ஒன்றரை அடிக்கு ஒரு அடி கல்லு போதும், துண்டு கல்லு கெடக்குது, கல்லுக்கு காசு வேணாம், எழுத்து கூலி மட்டும் குடுங்க. கணக்கை அக்கா ஒரு தடவை பாத்து ஓகே சொன்ன அப்புறம் அனுப்புங்க சார், கல்லுல அடிச்சுட்டா அழிக்க முடியாது. எங்க வண்டி அடுத்த வாரம் ராயக்கோட்டை வழியா வருது, எறக்கிட்டு போறோம். நட்டு வெக்கறப்போ கடிகாரத்துக்கு வடக்கால ஒரு ரெண்டடி தள்ளி வைங்க, கிழக்காலயோ மேக்காலயோ வெச்சா காலைலயோ சாயங்காலமோ அதோட நிழல் கடிகாரத்து மேல விழும்.